புள்ளலூர்த் தூணும் கஞ்சித் தொட்டியும்

இந்தப் பதிவைப் படித்துவிட்டு எங்கள் அம்பத்தூர் பூங்கா நண்பர்களில் நாலைந்து பேர் என்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை. எழுபத்து நாலு வயதில் நாலு பேர் பேசாமல் போனால் காதுக்கு ஓய்வு. ஆனால் இதை எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

சென்ற 2025 மே மாதம் 9-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை. பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற கொடுமைக்குப் பதிலடி தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் இரவு நாடு முழுக்க யாரும் தூங்கவில்லை. கராச்சி துறைமுகம் எரிகிறது, அந்த ஊர் பிடிபட்டது, இந்தத் தளபதி கைதானார் என்று சில தொலைக்காட்சிகள் அலறிக்கொண்டிருந்தன. நானும் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல், இரவு பதினொன்றரை மணிக்கு, நாலு கொடியும் இரண்டு பட்டாசுப் படமும் சேர்த்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "கராச்சி முடிந்தது. ஜெய்ஹிந்த்."

காலையில் பூங்காவுக்குப் போனால் ஒருவர் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து விநியோகம் செய்துகொண்டிருக்கிறார். எல்லோருக்கும் இருபது வயது குறைந்த மாதிரி ஒரு துள்ளல். அப்போது எங்கள் நண்பர் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். அவருடைய ஒரே மகன் ராணுவத்தில், ஜம்மு பக்கம் இருந்தான். அவரிடம் டப்பாவை நீட்டினோம். அவர் எடுக்கவில்லை.

"பையன் போன் ரெண்டு நாளா ஸ்விட்ச் ஆஃப் சார். அவன் பேசட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்றார். ஒரு சுற்று நடந்தார், போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் கராச்சி துறைமுகம் அதே இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பத்தாம் தேதி சண்டை நிறுத்தம். பதினொன்றாம் தேதி பையன் பேசினானாம். நல்ல வேளை. ஆனால் நண்பர் அதற்குப் பிறகு எங்கள் பெஞ்சுக்கு வரவில்லை. நான் போட்ட செய்தியை அவர் மனைவி படித்துவிட்டு, "அவ்வளவு தூரம் உள்ளே போயிட்டாங்கன்னா நம்ம பிள்ளையும் போயிருப்பானா?" என்று இரவு முழுக்க பூஜை அறையில் உட்கார்ந்திருந்தாராம். நான் விளையாட்டாக அனுப்பிய ஒரு வரி அந்த வீட்டில் அப்படிப் போய் விழுந்திருக்கிறது.

இதைப் பாவமன்னிப்புக்காகச் சொல்லவில்லை. நம்மிடம், குறிப்பாக என்னைப் போன்ற பென்ஷன்காரர்களிடம், ஒரு வியாதி இருக்கிறது. போரை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிப் பேசுகிற வியாதி. அதைப் பற்றித்தான் இன்று சண்டை போட வந்திருக்கிறேன்.

"உனக்கென்ன தெரியும் போரைப் பற்றி" என்று கேட்பீர்கள். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. நான் சேர்ந்தபோதும் விஜயந்தாதான். பிறகு அஜேயா என்று நாம் பெயர் வைத்த டி-72. கடைசியில் அர்ஜுன். என் வீட்டு அரிசி, பிள்ளைகளின் படிப்பு, இந்த வீடு எல்லாமே டேங்க்கிலிருந்து வந்தவை. போர்த்தளவாடம் தேவையில்லை என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. சொல்லவும் மாட்டேன்.

சேர்ந்த புதிதில் சீனியர்கள் 1965 செப்டம்பரில் பஞ்சாபில் நடந்த அசல் உத்தர் சண்டையைக் கதை கதையாகச் சொல்வார்கள். பாகிஸ்தானின் பாட்டன் டேங்க்குகளைக் கரும்புத் தோட்டத்துச் சேற்றில் சிக்கவைத்து அடித்தது, ஜீப்பில் வைத்த பீரங்கியோடு அப்துல் ஹமீது டேங்க்குகளை ஒவ்வொன்றாகச் சுட்டுச் செத்தது, அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தது, எல்லாம் கேட்டுப் புல்லரித்திருக்கிறேன். இப்போதும் புல்லரிக்கும்.

ஆனால் ஒரு நாள், தயாரான டி-72 வண்டியைப் பார்க்க ராணுவத்திலிருந்து வந்த ஒரு சுபேதார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதுவரை வந்த விருந்தினர் எல்லோரும் பீரங்கி எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு தூரம் சுடும், என்ன வேகம் என்றுதான் கேட்பார்கள். நாங்களும் 125 மில்லிமீட்டர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். இவர் டிரைவர் உட்காரும் இடத்து மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அரைகுறை இந்தியும் தமிழுமாக, "உள்ளே தீப்பிடிச்சா இது எவ்வளவு நேரத்துல திறக்கும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வண்டியில் மூன்று பேர் உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியும். மூன்று சீட்டையும் பொருத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான். அதில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள் என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அந்தச் சுபேதாரின் கேள்வியை 2025 மே 8 இரவு நான் மறந்துபோனேன். அதுதான் என் குற்றம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். போர் என்றால் நமக்குப் பானிபட், பிளாசி, வாட்டர்லூ. நம் வாசலில் நடந்த போர் நமக்குத் தெரியாது. நம்மைச் சுற்றி ஒரு கோடு போட்டுப் பாருங்கள். தெற்கே மணிமங்கலம். அங்கேதான் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்தான் என்று கூரம் செப்பேடு சொல்கிறது. மேற்கே அரக்கோணம் பக்கம் தக்கோலம். 949-ல் சோழ இளவரசன் ராஜாதித்தன் அங்கே யானை மேலிருந்தபடி ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்கன் பூதுகன் கையால் செத்தான். நம்மவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'யானைமேல் துஞ்சிய தேவர்'. துஞ்சுவது என்றால் தூங்குவது. அத்தனை பெரிய தோல்வியை எவ்வளவு நாசூக்காகத் தூங்க வைத்துவிட்டார்கள் பாருங்கள்.

தென்மேற்கே, காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருப்பது புள்ளலூர். இந்த ஒரு ஊர் போதும், போர்ப் பெருமையின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள. மூன்று தடவை பெரிய சண்டை நடந்த மண் அது.

முதல் சண்டை ஏழாம் நூற்றாண்டில். காசாக்குடிச் செப்பேட்டைக் கேட்டால், மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முக்கியமான பகைவர்களை ஒழித்தான் என்கிறது. அந்தப் பக்கம் 634-ஆம் வருஷத்து ஐஹொளே கல்வெட்டைக் கேட்டால், பல்லவ ராஜா புலிகேசியின் படை கிளப்பிய புழுதிக்குப் பின்னால் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்கிறது. ஒரே காலம், ஒரே பகை, இரண்டு பக்கமும் வெற்றி! அன்றைக்குத் தொலைக்காட்சி இல்லை, கல்லும் செம்பும் இருந்தன. வாட்ஸ்அப் இல்லை, ஆஸ்தான கவிகள் இருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது சண்டை 1780 செப்டம்பர் 10. ஹைதர் அலி எண்பதாயிரத்துக்கும் அதிகமான படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கி வந்தார். கம்பெனிப் படையில் ஒரு பகுதி கர்னல் பெய்லி தலைமையில் வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் காத்திருந்தவர் ஹெக்டர் மன்றோ. பக்ஸாரில் ஜெயித்த பெரிய தளபதி. இருவரும் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. ஆனால் நம் கொசஸ்தலை ஆறு குறுக்கே வந்தது. ஆமாம், பூண்டி ஏரிக்குத் தண்ணீர் தரும் அதே கொசஸ்தலைதான். ஆகஸ்ட் கடைசியில் ஆற்றில் வெள்ளம். ஒரு ராத்திரி முன்னால் தாண்டியிருந்தால் தாண்டியிருக்கலாம். இக்கரையில் தங்கிவிட்டார் பெய்லி. செப்டம்பர் 3-ல் தான் அக்கரை சேர முடிந்தது. ஆறாம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு மறித்துச் சண்டை போட்டார். மன்றோ உதவிக்கு ஆயிரம் பேரை அனுப்பினார். பத்தாம் தேதி புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சரணடைந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-ல் செத்தும் போனார். பெரிய தளபதி மன்றோ? ஒரு நாள் நடைத் தூரத்தில் இருந்தும் போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

மூன்றாவது சண்டை அடுத்த வருஷமே, 1781 ஆகஸ்ட் 27. அதே இடம் தனக்கு ராசி என்று ஹைதர் நம்பினார் என்று சொல்வார்கள். இந்தத் தடவை எதிரே சர் அயர் கூட். யாருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்காத சண்டை.

நான் ஐந்தாறு வருஷம் முன்பு மாப்பிள்ளை காரில் புள்ளலூர் போயிருந்தேன். பூந்தமல்லியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாக. அங்கே இரண்டு உயரமான நினைவுத் தூண்கள் நிற்கின்றன. பலர் நினைப்பது போல 1780-ல் நடந்த பெருந்தோல்விக்கு வைத்தவை அல்ல. 1781-ல் செத்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வைத்தவை. கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் ஒருவர், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரௌன் மற்றவர். அந்தப் பக்கம் திப்பு சும்மா இருந்தாரா? ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் அரண்மனைச் சுவர் முழுக்க இந்த வெற்றியை வரைய வைத்தார். பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிப்பது வரைக்கும் இருக்கிறது. அந்தச் சண்டையைக் காட்டும் ஓர் ஓவியம் 2022-ல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது.

ஆக, துரைமார்களுக்குத் தூண். சுல்தானுக்குச் சுவர். பெய்லியின் படையில் பெரும்பகுதி யார்? சிப்பாய்கள். நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள். அவர்களில் ஒருவர் பெயர் எந்தத் தூணில் இருக்கிறது? ஹைதர் படையில் செத்த குதிரைக்காரன் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைக் கேளுங்கள். புள்ளலூர்ப் போருக்கு நம் பக்கத்து ஜனங்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் உண்டு. அது புள்ளலூரில் இல்லை, வடசென்னையில் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் அங்கே போயிருப்போம்.

என் வயசுக்காரர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை என்னவென்று சொல்வோம்? கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. என் பாட்டி வாயில் ஸ்டான்லி என்ற பெயர் வந்ததே இல்லை. அந்தக் கஞ்சித் தொட்டி எங்கிருந்து வந்தது? ஹைதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றி, கோட்டைக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று கிராமம் கிராமமாகக் கொளுத்தியது. அந்தக் கோட்டுக்குள்தான் நம் ஊர்களும் இருந்தன. கம்பெனிக்காரன் தன் படைக்கு வேண்டியதை மிச்சமிருந்த இடத்தில் எடுத்துக்கொண்டான். 1781 முதல் 1783 வரை போரும் பஞ்சமும் சேர்ந்து ஜனங்களைப் பட்டணத்துக்குத் துரத்தின. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-ல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். இங்கிலீஷ்காரன் வாயில் அது மனேகர் சத்திரம் ஆயிற்று. அந்தச் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே பிற்பாடு ஸ்டான்லி.

யார் ஜெயித்தால் என்ன, யார் தோற்றால் என்ன, கடைசியில் நம் ஆள் நின்ற இடம் கஞ்சித் தொட்டி வரிசை. லண்டன் பார்லிமெண்டில்கூட எட்மண்ட் பர்க் 1785-ல் ஆற்காடு நவாபின் கடனைப் பற்றிப் பேசும்போது இந்தப் பேரழிவை எடுத்துச் சொன்னார். நாம்தான் பேசவில்லை.

இன்றைக்கு என்ன பேசுகிறோம்? ஒரு கட்சி, திப்பு மாவீரன், வெள்ளைக்காரனை ஓட விட்டான் என்கிறது. இன்னொரு கட்சி, திப்பு கொடியவன், அவன் பெயரையே எடுக்காதே என்கிறது. இரண்டு கட்சிக்கும் பூந்தமல்லியிலும் பேரம்பாக்கத்திலும் கூரை எரிந்தவனைப் பற்றிக் கவலை இல்லை. இருவரும் ஸ்கோர் பலகையைத்தான் பார்க்கிறார்கள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. கல்கியின் சிவகாமியின் சபதத்தைப் படித்து, வாதாபி எரிகிறபோது எத்தனை பேர் மகிழ்ந்திருக்கிறோம்! நானும்தான். பத்தாவது படிக்கும்போது ராத்திரி சிம்னி விளக்கில் படித்தேன். வாதாபியிலும் ஒரு பாட்டி மாட்டை அவிழ்த்துவிட ஓடியிருப்பாள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அது பதினைந்து வயது. எழுபத்து நாலிலும் தோன்றாவிட்டால் வயசானதில் என்ன பிரயோஜனம்?

எங்கள் அம்மா ஒரு போர் பார்த்தவள். பார்த்தவள் என்றால், 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னையே காலியானபோது, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து திருமழிசைக்கு மாட்டு வண்டியில் வந்த பதினோரு வயதுப் பெண். அந்தப் போரைப் பற்றி அவளுக்கு ஸ்டாலின்கிராட் தெரியாது, பர்மா தெரியாது. வீட்டுச் சாவியைப் பாட்டி முந்தானையில் முடிந்துகொண்டு வழி முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தது மட்டும் கடைசிவரை ஞாபகம் இருந்தது. 1914 செப்டம்பர் 22-ல் ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதே, அதிலிருந்து நமக்கு மிஞ்சியது 'அவன் பெரிய எம்டன்' என்ற ஒரு வசவு. அன்று உயிரை விட்டவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

எதிர்க்கேள்வி வரும் என்று தெரியும். "அப்படியானால் ராணுவமே வேண்டாமா? அடித்தால் வாங்கிக்கொண்டு போவதா?" இல்லை. எல்லையில் காவல் வேண்டும், அவர்கள் கையில் நல்ல ஆயுதமும் வேண்டும். அதைச் செய்துகொடுத்தவன் நான். சண்டை போடத்தான் வேண்டும் என்று நாடு முடிவு செய்கிற நாளும் வரும். அப்துல் ஹமீது ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் போனார், நாம் மைசூர்பாகு தின்றோம் என்பது ஒரே கணக்கில் வராது. அந்த வீரத்தில் நமக்குப் பங்கு கிடையாது. நமக்கு இருப்பது கடன்.

"மக்களுக்கு உற்சாகம் கொடுக்கத்தானே சொல்கிறோம், கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் என்ன?" என்று மைசூர்பாகு நண்பர் கேட்டார். கூடக் குறையச் சொல்வதில்தான் எல்லாமே கெடுகிறது சார். ஜெயித்தோம் என்று பொய்யாக நம்புகிற ஜனம், அடுத்த சண்டையை இன்னும் சீக்கிரம் கேட்கும். கேட்பது நாம், போவது நண்பர் வீட்டுப் பையன். நம் பெஞ்சில் ஒன்பது பேர். எட்டுப் பேர் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் அமெரிக்காவிலும். ஒருவர் வீட்டுப் பிள்ளை மட்டும் ராணுவத்தில். மே 9 காலை அந்த எட்டுப் பேர்தான் இனிப்பு சாப்பிட்டோம். இந்தக் கணக்கு எனக்கு உறைக்கிறது, உங்களுக்கு உறைக்கவில்லையா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த தடவை இப்படி ஒரு இரவு வந்தால், வராமல் இருக்கட்டும், வந்தால், கையிலிருக்கும் போனைக் கீழே வையுங்கள். தெருவில் ராணுவத்தில் பிள்ளை இருக்கிற வீடு எது என்று யோசியுங்கள். போய்க் கதவைத் தட்டி, "தங்கச்சி, ஏதாவது வேணுமா" என்று கேளுங்கள். பேரப்பிள்ளை போரைப் பற்றிக் கேட்டால் யார் ஜெயித்தார் என்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகு யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதையும் சொல்லுங்கள். காஞ்சிபுரம் போகிறபோது புள்ளலூர்த் தூணைக் காட்டுங்கள். ஸ்டான்லி பக்கம் போகிறபோது கஞ்சித் தொட்டி கதையையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. ஒன்றை மட்டும் சொன்னால் விளம்பரம்.

நண்பர் வீட்டுக்கு நான் ஜூன் மாதம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். "உங்களைச் சொல்லி என்ன அண்ணா, எல்லாரும்தான் அனுப்பினாங்க" என்றார். எல்லாரும் அனுப்பியதில் முதலில் அனுப்பியவன் நான் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் சொல்லவில்லை. இப்போது இங்கே எழுதிவிட்டேன். படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

நண்பர் இப்போதும் காலையில் நடக்கிறார். நாங்கள் உட்காரும் பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம். நாளையிலிருந்து நானும் அந்தப் பக்கமே நடக்கலாம் என்றிருக்கிறேன்.